புதுக்கோட்டைச் சீமையில் எங்கள் பங்காளிகள்

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில் வாழும் எங்களில் பலருக்கும், தமிழகத்திலுள்ள பூர்வீக ஊரை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியாததால், பெரும்பாலோர் இராமேசுவரத்திலும் மதுரையிலும் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அண்மையில் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் பங்காளிகளைக் கண்டு, அவர்கள் வீட்டில் தங்கி, அந்தப் பகுதியின் பழைய கோயில்களையும் குகைகளையும் பார்த்து வந்தேன். போய் வந்தபின் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது. கடலுக்கு இரு கரையிலும் இருந்த எங்கள் மக்கள் பல தலைமுறைகளாகப் போக்குவரத்தாகவே இருந்திருக்கிறார்கள். உறவு அறுந்தது எல்லையும் குடியுரிமைச் சட்டங்களும் வந்த பிறகுதான். அறுந்த பிறகும் ஊரில் இருந்தவர்கள் எங்கள் இடத்தை அழித்துவிடவில்லை. அதற்கான சான்றை நான் கண்ணால் கண்டேன் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேரூன்றியது. பூர்வீகம் குறித்து அப்பாயி சொல்லிவைத்தவை மிகச் சில: ஊர் அன்னவாசல் பக்கம், கும்பிடும் சாமி கண்மாய்க் கரையிலுள்ள அய்யனாரும் அவருக்குக் காவலாக நிற்கும் கருப்பரும், பிறகு எங்கள் வகையறாவின் பெயர். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களில் இவ்வளவுகூட இல்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எங்களவர்களை நாடற்றவர்கள் ஆக்கிய பின்னர், 1949ஆம் ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்த் தாத்தாவும் மற்றவர்களைப் போல விண்ணப்பித்திருக்கிறார். அச்சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பத்தின் படியில் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில், தம் காதில் விழுந்தவாறு யாரோ ஒரு எழுதுவினைஞர் எழுதியிருந்தார். அந்த ஒலிப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர் எதுவும் இல்லை.

ஆகவே, தேடிச் செல்ல நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காகிதத்தை நம்பிப் புறப்படாதீர்கள், குலதெய்வத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். ஆனால் குலதெய்வம் இடம் மாறுவதில்லை. வேலைக்காகத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப்போன குடும்பங்கள்கூட மாசி மாதச் சிவராத்திரியன்று அந்தக் கண்மாய்க் கரைக்கு வந்து சேர்கின்றன. கோயிலைப் பராமரிக்கத் தலைக்கட்டு வரி பிரிக்க வேண்டியிருப்பதால், யார் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்ற கணக்கை யாராவது ஒருவர் நினைவிலோ நோட்டிலோ வைத்துக்கொண்டே இருக்கிறார். இந்த வழி எல்லோருக்கும் பயன்படும் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. ஊர்க்கோயில்களில் உரிமையே மறுக்கப்பட்டவர்களின் வழிவந்தோர், அந்தக் கோயில் வாசலில் போய் நின்று உறவு கேட்பது எவ்வளவு கசப்பான காரியம் என்பதை நான் அறிவேன். அவர்களும் தங்கள் குடும்பத்துக்கென்று வணங்கிய தெய்வத்தின் பெயரிலிருந்தே தேடத் தொடங்கலாம். அதைவிட நல்ல நுனி வேறு கைக்கு அகப்படுவதில்லை.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். திருச்சியிலிருந்து தெற்கே போகப் போகக் காவிரியின் பச்சை மறைந்து செம்மண் தொடங்குகிறது. செம்புறாங்கல் கிடக்கும் மேடுகள், வேலிக்கருவை, தைலமரத் தோப்புகள், திடீரென்று எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள், ஊருக்கு ஊர் ஒரு கண்மாய் என்று நிலம் விரிகிறது. வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், நிறையாவிட்டால் பட்டினி. இந்த வானம் பார்த்த பூமியைப் பார்த்த பிறகுதான், தாத்தாவின் தாத்தா ஏன் புறப்பட்டார் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் கிளம்பினார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம்; பிரித்தானியரின் நேரடி ஆட்சி இல்லாவிட்டாலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணம் அங்கும் எட்டியிருந்தது. வாங்கிய பணம் கடனாக எழுதப்பட்டு, பாக் நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறிய கூட்டங்களில் எத்தனையோ பேர் வழியிலேயே பேதியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அந்த வழித்தடத்தின் மறுமுனை இந்தச் செம்மண்ணில் இருக்கிறது.

அன்னவாசலில் ஒரு தேநீர்க் கடையில் எங்கள் வகையறாவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே, "எந்தச் சாமி கும்புடுறவுங்க?" என்பதுதான். அய்யனாரின் பெயரையும் பக்கத்தில் நிற்கும் கருப்பரின் பெயரையும் சொன்னதும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இலுப்பூர் சாலையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, அங்கே யாரிடமோ தொலைபேசியில் பேசினார். "கண்டியிலேருந்து ஆள் வந்திருக்காக" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் தலவாக்கலை என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் இந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாமே கண்டிச் சீமைதான். சிறிது நேரத்தில் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை அழைத்துச் சென்றார்.

வீட்டுத் திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாக வரவேற்றவர், தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு நேரே கணக்கில் இறங்கினார். என் தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு எங்கே பெண் எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்தது பூட்டன் வரைக்கும்தான். பூட்டனின் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அதற்கு மேலே இருந்த இரண்டு பெயர்களைத் தானே சொன்னார். பஞ்சத்தில் கிளம்பிப் போனவர் இளையவர். ஊரில் தங்கிய மூத்தவரின் கொள்ளுப்பேரன் இவர். விரல்விட்டுத் தலைமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, அப்ப நீ எனக்கு மகன் முறையில்ல வர்ற! பெரியப்பான்னு கூப்புடு" என்றார். அந்த நொடியிலிருந்து "வாங்க" போய் "வாப்பா" வந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார்.

மறுநாள் காலை பெரியப்பா என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கண்மாய்க் கரையில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகள், சில புதியவை, பல கால் உடைந்து புல்லுக்குள் சாய்ந்தவை. இந்த மாவட்டத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பது பெரிய விழா. வேளார்கள் செய்து தரும் குதிரைகளை ஊரே கூடித் தூக்கிவந்து நிறுத்தும். கோயிலின் முன்பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் ஒரு வெண்கல மணி தொங்கியது. பெரியப்பா தம் துண்டால் அதன் விளிம்பைத் துடைத்து, என்னைக் குனிந்து படிக்கச் சொன்னார். உளியின் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். முதலில் "அய்யனார் துணை" என்று இருந்தது. 'னா'வும் 'ணை'யும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய வடிவத்தில் சுழிந்திருந்தன. அதன்பின் எங்கள் வகையறாவின் பெயர், பூட்டனின் பெயர், கண்டிச் சீமை, எங்கள் தோட்டத்தின் பெயர், கடைசியில் 1931. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயர், நான் அதுவரை பார்த்தேயிராத ஓர் ஊரின் கோயில் மணியில் இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தேன். தேய்ந்திருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் பிடிபட்டது.

அங்கேயே இன்னொன்றையும் பெரியப்பா சொன்னார். கோயிலில் எங்கள் வகையறாவுக்கு உள்ள பங்குகளில் ஒன்றுக்குக் கண்டிப் பங்கு என்றே பெயராம். சிவராத்திரியன்று ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பொங்கல் பானை வைக்க வேண்டும். கண்டிப் பங்கின் பானையை மற்றப் பங்காளிகள் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு தங்கள் அரிசியிலேயே வைத்து வந்திருக்கிறார்கள். வரி நோட்டில் அந்தப் பங்குக்கென்று ஒரு பக்கமே இருக்கிறது. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் இதை நிறுத்தவில்லை என்று கேட்டேன். "பங்கை எப்புடிப்பா அழிக்கிறது?" என்று மட்டும் கேட்டார் அவர்.

அந்த மணி எப்படி அங்கே வந்தது என்பதை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தொழிலாளர்கள் பருவத்துக்குப் பருவம் போய் வந்தார்கள். இங்கே வேளாண்மை வேலை ஓய்ந்ததும் அங்கே கோப்பி பறிக்கப் போய், கையில் காசோடு திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, அந்த இடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது. குடும்பத்தோடு லயம் என்னும் வரிசை வீடுகளில் தங்க நேர்ந்தது. அப்படியும் வரத்து நிற்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு பக்கமும் ரயிலுமாகப் 'போட் மெயில்' தொடங்கிய பிறகு, திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் ஊருக்கு வந்துபோவது முன்னைவிட எளிதாகியது. 1931இல் பூட்டன் ஒரு மணியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்றால், அவர் திரும்பி வரும் நம்பிக்கையோடு போனவர். 1939இல் பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. 1948க்குப் பிறகு, போனால் திரும்பவும் தோட்டத்துக்குள் அனுமதிப்பார்களா என்ற அச்சமே மனிதர்களைக் கட்டிப்போட்டது. எங்கள் முன்னோர்கள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று சொல்வோருக்கு இந்த ஆண்டுகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

இதைவிட வலிக்கும் கதை ஒன்றையும் பெரியப்பா மறைக்காமல் சொன்னார். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் என் அப்பாவின் சித்தப்பா இந்தியாவின் பக்கம் விழுந்தார். 1970களில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்து, மனைவி மக்களோடு நேரே இந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறார். பங்காளிகள் மாட்டுக்கொட்டகையை ஒழித்துத் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மழையில்லை, வேலையில்லை. கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்கு இந்த மண்ணில் செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்ப எங்களுக்கே கஞ்சி இல்லப்பா; இருன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல" என்று சொல்லும்போது பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சில மாதங்களில் அவர்கள் நீலகிரிக்குப் போய்விட்டார்கள். தாயகம் திரும்பியோருக்காகவே தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியிருந்தது. கோத்தகிரிப் பக்கம், கூடலூர்ப் பக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மறுபடியும் தேயிலைச் செடிக்கு நடுவே, மறுபடியும் வரிசை வீடுகளில் குடியேறின. அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். இலங்கையில் இந்தியாக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்தியாவில் கிடைத்த பெயர் அது. சின்னத் தாத்தா கோத்தகிரியில் காலமானார் என்றும் அவருடைய பேரன் ஒருவர் அங்கே வாகனம் ஓட்டுகிறார் என்றும் பெரியப்பா சொன்னார். 1980களில் நின்றுபோன கடிதங்களுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி அது.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து திடீரென்று ஒரு பங்காளி வந்து நின்றால், பங்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்ற எண்ணம் வீட்டிலுள்ள சிலருக்கு எழுவது இயல்பு. பெரியப்பாவின் மருமகள்மார் பேசும்போது அந்தத் தயக்கத்தை நான் உணர்ந்தேன். 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் பதிவின்போது ஊரில் இருந்தவர்கள் பெயரிலேயே பட்டா ஆகிவிட்டது; அது நியாயமானதும்கூட, ஏனென்றால் அந்த மேட்டு நிலத்தை நூறாண்டுகளுக்கு மேலாக உழுதவர்கள் அவர்கள்தான். ஆகவே முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே, எங்களுக்கு நிலத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை, உறவைத் தேடி மட்டுமே வந்திருக்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தேடிச் செல்பவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அதன்பிறகு வீட்டின் பேச்சே மாறியது. நான் கொண்டுபோயிருந்த தேயிலையைப் பெரியம்மா பாலிலேயே போட்டுக் கொதிக்கவைத்து எல்லோருக்கும் கொடுத்தார். "நம்ம புள்ளைக பறிச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

சித்தன்னவாசல் அங்கிருந்து மிக அருகில். பெரியப்பாவின் பேரன் என்னை அழைத்துக்கொண்டு போனார். ஏழடிப்பட்டம் என்னும் குகைக்குக் குன்றின் ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கத்துச் செங்குத்தான விளிம்பை ஒட்டி, இப்போது போடப்பட்டுள்ள கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே பாறையிலேயே செதுக்கி வழவழப்பாக்கப்பட்ட 17 படுக்கைகள், தலைப்பக்கம் தலையணை போல உயர்த்தப்பட்ட கல்லோடு. சமண முனிவர்கள் நோன்பிருந்த இடம். அவற்றில் பெரியதொரு படுக்கையைச் சுற்றித் தமிழ்பிராமி எழுத்துகள் ஓடுகின்றன; எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை அது என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். எருமிநாடு என்பது இன்றைய கருநாடகப் பகுதி என்று கருதப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொலைவிலிருந்து வந்த ஒருவருக்கு இந்த ஊரில் ஒருவர் படுக்க இடம் செய்து கொடுத்து, வந்தவரின் ஊரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். பெரியப்பா சிறுவனாக ஆடு மேய்த்த காலத்தில், வெயிலுக்கு இந்தப் படுக்கைகளில்தான் படுத்துக் கிடப்பாராம். அப்போது வேலியும் இல்லை, சீட்டும் இல்லை.

கீழே அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குள ஓவியம் இருக்கிறது. நிறங்கள் பெருமளவு மங்கிவிட்டன. ஆனாலும் கண் பழகப் பழக, இலைகளுக்கு இடையே மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும், கையில் பூவோடு நிற்கும் மனிதர்களும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. குளமே வாழ்வாக இருந்த ஒரு வறண்ட நாட்டில், கூரை முழுவதையும் நீர் நிறைந்த ஒரு குளமாக வரைந்த அந்த ஓவியர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

குடுமியான்மலையில் பாறைமேல் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ள 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டையும், அங்குள்ள மண்டபத் தூண்களின் சிற்பங்களையும் பார்த்தேன். இசை தெரிந்தவர்கள் அதைப் பற்றி எழுதுவதே பொருத்தம். நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சுரமும், சதுரமான சுவருக்குள் வட்டமாக அமைந்த அதன் கருவறையும் ஒரு முழு நாளைத் தகும்; எனக்கு ஒரு மாலைப் பொழுதுதான் வாய்த்தது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலுள்ள அருங்காட்சியகத்தைக் குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாது.

என்னை உண்மையிலேயே நிறுத்திவைத்தது கொடும்பாளூர். விராலிமலைக்கு அருகே, பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னர் தமக்கும் தம் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவருக்குமாக எடுப்பித்த மூவர் கோயில் அங்கே இருக்கிறது. மூன்றில் இரண்டு முழுமையாக நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. சுந்தர சோழன் காலத்தில் இதே கொடும்பாளூர் வேளிர் குலத்தைச் சேர்ந்த சிறியவேளார் படையோடு ஈழம் சென்று அங்கேயே போரில் மாண்டதைத் திருவெண்காட்டுக் கல்வெட்டு பதிவு செய்கிறது. இந்தச் செம்மண்ணிலிருந்து ஈழத்துக்குப் போய்த் திரும்பாதவர்களில் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களில் அவர் ஒருவர். அவர் தளபதி, ஆகவே அவர் பெயர் கல்லில் ஏறியது. மாத்தளைக் காட்டு வழியில் விழுந்துகிடந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதவில்லை. 1900களின் தொடக்கத்தில் கடல் கடந்தவர்களின் கழுத்தில் தகரப் பத்து என்னும் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் பொறித்திருந்தது தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும்தான். இந்தப் பேதத்தை நினைக்க நினைக்க எனக்குக் கோபமே வந்தது. அதே வேளையில், ஒரு தோட்டத் தொழிலாளி சேர்த்த காசில் வாங்கிய வெண்கல மணியில் தன் பெயரைத் தானே குத்திவைத்துப் போனார் என்பதில் எனக்குப் பெருமையும் இருக்கிறது.

திரும்பும் வழியில் தனுஷ்கோடிக்குப் போனேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் அழித்த ரயில் நிலையத்தின் சுவர்களும் தேவாலயத்தின் வளைவுகளும் மணலில் நிற்கின்றன. ஐந்தேகால் இலட்சம் பேரை அனுப்புவதென்று ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், அவர்கள் வந்திறங்க வேண்டிய துறைமுகமே கடலோடு போய்விட்டது. பிற்பாடு கப்பல்கள் இராமேசுவரத்துக்கு வந்தன. 1980களின் போரில் அவையும் நின்றன. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு வருபவர்கள், கோயில்களோடு நின்றுவிடாமல், மண்டபம் முகாம் இருந்த பகுதியையும் இந்த இடிபாடுகளையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முன்னோர்களை வரிசையில் நிறுத்தி, மருந்தடித்து, எண்ணிட்டு அனுப்பிய இடம் மண்டபம். அங்கே எங்களைப் பற்றி ஒரு நினைவுப் பலகையாவது வைக்கப்பட வேண்டும். இரு நாட்டு அரசுகளும் இதைச் செய்யக் கடமைப்பட்டவை.

நான் புறப்படுவதற்கு முன்பு பெரியப்பா வரி நோட்டை எடுத்துவரச் செய்து, கண்டிப் பங்கின் பக்கத்தைத் திறந்து, எங்கள் வீட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதச் சொன்னார். தலைக்கட்டு என்றால் ஆண்களை மட்டுமே எழுதுவது அங்கே வழக்கம். என் தங்கையின் பெயரையும் அண்ணன் மகள்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். தோட்டத்தில் மலையேறிக் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பெண்கள்தான் என்பதையும் சொன்னேன். பெரியப்பா சிறிது யோசித்துவிட்டு, பேரனிடம் எழுதச் சொன்னார். கோத்தகிரி உறவினரின் தொலைபேசி எண்ணும் ஒரு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. அவரும் தம் பிள்ளைகளின் பெயர்களை அனுப்பியிருக்கிறார். வரும் சிவராத்திரிக்கு எங்கள் பங்கின் பொங்கல் பானையை நாங்களே வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதற்கான செலவைத் தலவாக்கலையிலும் கொழும்பிலும் இருக்கும் எங்கள் வீடுகளிலிருந்து திரட்டும் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கோத்தகிரிக்காரர்கள் அரிசி தங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.